ரெஹானாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை

(தூத்துக்குடி கரைத்துணை அறக்கட்டளையின் நிறுவனர் பேபி மச்சாது மறைவையொட்டி ஞாயிறு காலை நடந்த கூட்டத்தில், துணைத்தலைவர் சுடலைக்கண்ணன் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காமல் எனக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தம்பி இனிகோ, கப்பலுக்குப் போன புருஷனையும் பிள்ளையையும் மனசில் சுமந்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு நான்கு நிமிடம் என்று செயலாளர் ஜகந்நாதன் சார் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவன். எதையும் கொடுத்த காலத்துக்குள் முடித்த வரலாறு என்னிடம் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் 'அம்மையார்' என்று அச்சடித்திருக்கிறது. எனக்குப் பேபி தங்கச்சி. அவள், இவள் என்றுதான் வாயில் வரும். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவளைக் கடலோடிகளின் தாய் என்றார்கள். கலங்கரை விளக்கம் என்றார்கள். ஆறு மொழி வித்தகி என்றார்கள். ஆறு மொழியா! பேபிக்கு ஒழுங்காகத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான். புருஷன் இனிகோ கப்பலில் ஓடிய காலத்தில் மும்பையில் குடியிருந்து கற்ற இந்தி கொஞ்சம். இங்கிலீஷ் வந்தால் வரும், வராவிட்டால் அதற்காக அவள் கவலைப்பட்டதில்லை. அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு வங்காளதேசம், பர்மா, பிலிப்பைன்ஸ், உக்ரைன் என்று அறுநூறு குடும்பங்களோடு தினமும் பேசினாள். எப்படிப் பேசினாள்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு ஒன்பது வருடம் இருந்தது. கேட்டோமா? ஒருத்தராவது கேட்டோமா?

கரைத்துணை என்ன செய்கிறது என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். போன வாரம் வரை எங்கள் கமிட்டியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். சில கப்பல் முதலாளிகள் கப்பலையும் அதிலிருக்கிற ஆட்களையும் நடுக்கடலில் விட்டுவிட்டுப் போனை அணைத்துவிடுவார்கள். சம்பளம் வராது, எண்ணெய் வராது, அரிசி வராது. கப்பலை விட்டு இறங்கவும் முடியாது. அப்படி நம் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிறவர்களுக்குக் குடிதண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவது ஒரு வேலை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு என் லாஞ்சுப் படகு. நாற்பது வருடம் லாஞ்சு ஓட்டியதால்தான் நான் துணைத்தலைவர், படித்ததால் இல்லை. இரண்டாவது வேலைக்குப் பேபியின் போன்.

அந்த இரண்டாவது வேலையின் அருமை எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இனிகோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பதினொரு மாதம் இப்படி மாட்டிக்கிடந்தான். அந்தப் பதினொரு மாதத்தில் பேபிக்கு வந்த செய்தி ஒரே ஒரு கடிதம். நாலு பக்கம், இங்கிலீஷில், ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியது. அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்து ஒரு வக்கீலிடம் படிக்கச் சொன்னாள். அவர் படித்து முடித்துவிட்டு, "அவங்க ரொம்ப நல்லா சேவை செய்றாங்கம்மா" என்றாராம். "எம் புருஷன் சாப்பிட்டாரான்னு அதுல இருக்கா சார்?" என்று கேட்டாளாம். அது இல்லை. நாலு பக்கத்தில் அது ஒன்றுதான் இல்லை!

அதனால் அவள் கரைத்துணையைத் தொடங்கியபோது நாலு பக்கம் எழுதவில்லை. எந்த நாட்டுக்காரர்கள் போனில் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று முதலில் விசாரித்தாள். பிலிப்பைன்ஸ்காரர்கள் மெசஞ்சரில் இருக்கிறார்கள். பர்மாக்காரர்கள் வைபரில். உக்ரைன்காரர்கள் டெலிகிராமில். வங்காளதேசத்துப் பெண்கள் இமோ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில். ஒவ்வொன்றிலும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் அந்த மொழிக்காரர் ஒருத்தர் பொறுப்பு. பர்மாக் குழுவுக்கு டின் மார் என்று ரங்கூனில் ஓய்வுபெற்ற டீச்சர். வங்காளக் குழுவுக்குச் சிட்டகாங்கில் ரெஹானா, ஒரு கப்பல்காரரின் மனைவி. இவள் இங்கிருந்து செய்தியைச் சொல்வாள். அவர்கள் தங்கள் ஆட்களுக்குத் தங்கள் வாயால் சொல்வார்கள்.

நானும் ஒருநாள் கேட்டேன். "ஏம்மா பேபி, இத்தனை எதுக்கு? எல்லாரையும் நம்ம வாட்ஸப்புக்கு வரச் சொல்லிட்டா முடிஞ்சுதே!"

"அண்ணாச்சி, அவங்க எந்தத் தெருவுல நிக்காங்களோ அந்தத் தெருவுக்கு நாமதான் போகணும். நம்ம வாசல்ல போர்டு வச்சிட்டு வா வான்னா யாரு வருவா?"

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்குக் குறையே கிடையாது. ஆட்டிவிட்டு, அடுத்த மாதமே கமிட்டியில் போர்டு வைக்கக் கையெழுத்தும் போட்டேன்.

போர்டு என்றால் வலைத்தளம். ஒன்பது நாட்டுக் கொடி, ஒவ்வொரு கொடியையும் அழுத்தினால் அந்த மொழி. இயந்திரமே மொழிபெயர்த்துவிடுமாம். திறப்பு விழாவுக்கு இதே மண்டபம்தான். பட்டனை அமுக்க மூன்று பேருக்குள் போட்டி, அதனால் மூன்று தடவை திறந்தோம். எட்டு மாதம் ஆயிற்று. உலகம் முழுக்க இருந்து வந்து சேர்ந்த செய்திகள் எத்தனை தெரியுமா? நாலு! மூன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க என் மகள் சந்தனச்செல்வி அனுப்பியவை. நாலாவது, உங்களுக்கு நல்ல வலைத்தளம் அமைத்துத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி அனுப்பியது.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். அடுத்தது சிரிக்கிற விஷயம் இல்லை. அதிலும் முட்டாள் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பர்மாக்காரர்கள் ஒன்பது பேரோடு ஒரு கப்பல் கிடந்தது. கமிட்டி மொத்தமும் லாஞ்சில் ஏறி அரிசி கொடுக்கப் போனோம். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கொடுக்கிற கை படத்தில் விழ வேண்டும். ஒரு அரிசி மூட்டை, எட்டுப் பெரிய மனிதர்கள், எட்டுக் கை. எதிரில் அந்த ஒன்பது பையன்களையும் வரிசையாக நிறுத்தினோம். கன்னம் ஒட்டிப்போய், சட்டைப் பித்தான் இல்லாமல். பேனர்கூடப் பிடிக்கச் சொன்னோம். பிடித்தார்கள், பாவம். மூட்டையின் இடது காதைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவது நான்.

அந்தப் படத்தைக் கரைத்துணை பேஸ்புக் பக்கத்தில் ஏற்றி, இயந்திரத்தை வைத்துப் பர்மா மொழியிலும் எழுதி, அவர்கள் பெயர், ஊர், கப்பல் எல்லாம் போட்டோம். நான் அதைப் பார்த்த மாத்திரத்தில் நாற்பது குழுவுக்கு அனுப்பினேன். "யப்பா, உங்க படத்துக்கு நீங்களே லைக் போட்டிருக்கீய" என்று மகள் சொல்லித்தான் அதுவும் தெரியும்.

பேபி என் வீட்டுக்கு வந்தாள், போனை நீட்டிக்கொண்டு. "அண்ணாச்சி, ஒரு மூட்டையைத் தூக்க எட்டு பேரா? அந்தக் கப்பல் கிரேனை ஒத்தை ஆளு ஓட்டுதான்!"

"நல்ல காரியம்தானம்மா. நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு பேரு உதவுவாங்க."

"தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. தெரியக்கூடாதவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிட்டு."

அந்த ஒன்பது பேரில் ஒருத்தனுக்கு அடுத்த கப்பல் தயாராக இருந்ததாம். ஆள் எடுக்கிற ஏஜெண்ட் படத்தைப் பார்த்துவிட்டு, புகார் சொல்லுகிற ஆள் வேண்டாம் என்று பெயரை அடித்துவிட்டான். இன்னொருத்தன், பத்தொன்பது வயசு. தினமும் அம்மாவிடம் சாப்பிட்டேன், சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த அம்மா ரங்கூனுக்குப் பக்கத்தில் ஏதோ கிராமத்தில் காய்கறி விற்கிறவள். பக்கத்துக் கடைக்காரி போனில் மகனைப் பார்த்துவிட்டாள். என் பல்லையும் சேர்த்து.

"மன்னிப்புக் கேளுங்க" என்றாள் பேபி.

"எனக்குப் பர்மா மொழி தெரியாதே!"

"ஒமக்குத் தெரிஞ்சதுல பேசும். கொண்டு சேர்க்க அங்கன ஆளு இருக்கு."

பேசினேன். தமிழில், வேர்த்து விறுவிறுத்து, ஒரு நிமிடம். டின் மார் டீச்சருக்குப் பேபி இங்கிலீஷில் விளக்கினாள், டீச்சர் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து என் குரலையும் கேட்கவைத்து, அர்த்தமும் சொன்னார்கள். பதில் வந்தது. அந்த அம்மா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "இனிமேல் என் மகன் சாப்பிட்டேன் என்று சொன்னால் நான் எப்படி நம்புவது?"

பெரியோர்களே, உங்களில் பதில் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மூன்று வருடமாகத் தேடுகிறேன். படத்தை நம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். நான் அனுப்பிய நாற்பது குழுவிலிருந்து யார் எடுப்பது? போன தீபாவளிக்கு என் மைத்துனன் துபாயிலிருந்து எனக்கே அனுப்புகிறான், 'மனிதநேயம்' என்று தலைப்புப் போட்டு!

அதற்குப் பிறகு பேபி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். கேட்காமல் முகம் போடக்கூடாது. போய்ச் சேராததைச் சேர்ந்ததாகச் சொல்லக்கூடாது. கப்பலுக்குப் போய்வந்தவர் தன் கண்ணால் பார்த்ததைத் தன் குரலில் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறியதா, எத்தனை கேன், ஆட்களுக்குக் காய்ச்சல் உண்டா, என்ன கேட்டார்கள். நல்ல செய்தி இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். சேவை, மகத்தான பணி, இந்த மாதிரி வார்த்தை வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசச் சொல்வாள். என்னை ஒருநாள் பதினோரு தடவை பேசவைத்தாள். எட்டாம் வகுப்பே இரண்டோடு விட்டது என்னை.

இப்போது அவள் மேல் எனக்குள்ள கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். ஏளா பேபி, யாருக்கோ காய்ச்சல் என்று கடல் தாண்டி விசாரிக்கத் தெரிந்தவளுக்கு, எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து அறையில் இருந்த புருஷனிடம் சொல்லத் தெரியவில்லையா? திங்கட்கிழமை பூரா வலித்திருக்கிறது. "வாயுத் தொந்தரவு" என்று இஞ்சிக் கசாயம் குடித்திருக்கிறாள். செவ்வாய் விடியற்காலையில் போய்விட்டாள். ஐம்பத்து நாலு வயசு. இது என்ன நியாயம்?

சரி, அவள் செய்தது ஒரு தப்பு. நாம் செய்தது?

இப்போது வெளியே ஒரு கப்பல் கிடக்கிறது. பதினொரு பேர். ஐந்து வங்காளதேசத்துக்காரர்கள், நாலு பர்மாக்காரர்கள், இரண்டு உக்ரைன்காரர்கள். அதில் ஒருத்தர் ரெஹானாவின் கணவர், எஞ்சினில் எண்ணெய் வேலை பார்க்கிறவர். ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். போனில் உயிர் இருக்காது, இருந்தாலும் அங்கே சிக்னல் இருக்காது. ஒவ்வொரு புதன்கிழமையும் லாஞ்சில் தண்ணீர் போகும். போய்வந்ததும் குழுக்களில் செய்தி போகும். அதுதான் அந்தப் பதினொரு வீட்டுக்கும் வாரத்தின் நிம்மதி.

இந்தப் புதன்கிழமை பேபியின் அடக்கம். எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். தண்ணீர் போகவில்லை. வேறு யாரோ ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். நான் செய்திருப்பேன் என்று ஜகந்நாதன் சார் நினைத்தார். போகவில்லை என்று எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். லாஞ்சு யாருடையது? என்னுடையது! என் லாஞ்சு எங்கே நின்றது என்று எனக்கே தெரியவில்லை. இந்த அழகில் எனக்குத் துணைத்தலைவர் பட்டம், இதோ பின்னால் பேனரில் முடி இருந்த காலத்துப் படம்.

சனிக்கிழமை, அதாவது நேற்றுக் காலை, தண்ணீரை ஏற்றிக்கொண்டு போனேன். மூன்று நாளாக ஆளுக்கு ஒரு டம்ளர் என்று அளந்து குடித்திருக்கிறார்கள். கேனைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். ரெஹானாவின் கணவர் குனிந்து, "பேபி ஆப்பா?" என்று கேட்டார். ஆப்பா என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. நான் நெஞ்சில் கையை வைத்துக்காட்டி, கண்ணை மூடிக்காட்டினேன். புரிந்துவிட்டது. பதினொரு பேரும் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள். அவர் மறுபடி குனிந்து, காதில் போன் வைப்பது மாதிரி கையை வைத்துக்கொண்டு, "ரெஹானா?" என்றார். அவளுக்குத் தெரியுமா என்கிறார். நான் தெரியாது என்று கையை விரித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் கணக்கு வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஏன் தெரியாது? செவ்வாய்க்கிழமையிலிருந்து கமிட்டி என்ன செய்துகொண்டிருந்தது? அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது! முதல் வரைவில் தலைவர் பெயர் கீழே வந்துவிட்டது. இரண்டாவதில் மேலே வந்தது, ஆனால் பேபியின் பெயர் விட்டுப்போனது. மூன்றாவது இங்கிலீஷில் எழுதி, சரிபார்த்து, இயந்திரத்தில் வங்காளத்துக்கு மாற்றி, என் கையெழுத்துக்காக நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்தது. என் மகள் தமிழில் படித்துச் சொன்னாள். "நிறுவனர் மறைந்தாலும் கரைத்துணையின் சேவை தடையின்றித் தொடர்கிறது."

தடையின்றியா? மூன்று நாள் தாகத்தில் கிடந்தவர்களின் வீட்டுக்கு, தடையின்றி என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவதா? நாளைக்குச் சிக்னல் கிடைத்து அந்த மனுஷன் பெண்டாட்டியிடம் உள்ளதைச் சொன்னால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எந்தச் சொல்லை அவள் நம்புவாள்?

ஜகந்நாதன் சார் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் மாதிரி உழைக்கிறவர் இல்லை. அவர் பயப்படுகிறார். "எல்லாம் அந்தம்மா போன்ல இருந்துது, அண்ணாச்சி. இனி யாருக்கு அந்தப் பாஷையெல்லாம் தெரியும்? ஒரே பக்கமா மாத்திட்டா நம்ம கைல இருக்கும்" என்கிறார். இன்றைக்கு அதற்கு ஒரு தீர்மானமும் தயாராக இருக்கிறது. குழுக்களை மூடிவிட்டு எல்லோரையும் வலைத்தளத்துக்கு வரச்சொல்கிற தீர்மானம்.

சார், எதுவும் அந்தப் போனில் இல்லை. பாஷை தெரிந்தவர்கள் ரங்கூனில் இருக்கிறார்கள், சிட்டகாங்கில் இருக்கிறார்கள், இத்தனை வருடமாக இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது பாஷை இல்லை. தண்ணீர் போனதா, போகவில்லையா? இதைப் பார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொல்ல இந்தக் கரையில் ஒரு ஆள். ஒரே ஒரு ஆள்! அதற்கு எட்டாம் வகுப்புப் போதும். ஒரு தடவை படித்திருந்தாலே போதும்.

ஆகவே, இந்த அவையின் முன்னால் சொல்கிறேன். அந்தத் தீர்மானத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த அறிக்கையிலும் போட மாட்டேன். வருகிற புதன்கிழமை லாஞ்சு போகும். அதற்கடுத்த புதனும் போகும். போகாவிட்டால், போகவில்லை, சுடலைக்கண்ணன் தூங்கிவிட்டான் என்று எல்லாக் குழுவிலும் என் குரலிலேயே வரும். குழு ஒன்றுகூட மூடப்படாது. இதற்குச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

தூக்குங்கள், வெட்கப்படாதீர்கள்... பின்னால்?... ஜகந்நாதன் சார், உங்கள் கை பாதியில் நிற்கிறது, மேலேயா கீழேயா?... மேலே. நன்றி சார்.

இனிகோ, தம்பி. உன் சட்டைப்பையில் அவள் போன் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அது ஐந்தாறு தடவை அதிர்ந்ததைப் பார்த்தேன். நீ எடுத்துப் பார்க்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, என்னாலும் முடியாது. சந்தனச்செல்வி நேற்று ராத்திரி உன்னிடம் வாங்கிப் பார்த்தாள். புதன்கிழமையிலிருந்து ரெஹானா அனுப்பியிருப்பது ஒரே கேள்விதான். "பேபி ஆப்பா, பானி?" பானி என்றால் தண்ணீர் என்று எனக்கே தெரிகிறது. மற்ற நாலு வீட்டுக்காரர்களும் அவளைக் கேட்கிறார்கள். அவள் பேபியைக் கேட்கிறாள். பேபியை நாம் புதைத்துவிட்டு, மூன்று வரைவு எழுதியிருக்கிறோம்.

என் மகள் புனேயில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். நான் தமிழில் சொல்வதை அவள் இந்தியில் சொல்வாள், ரெஹானாவுக்கு இந்தி புரியும். எழுந்து வா தம்பி. நீயும் பக்கத்தில் இரு.

தலைவர் அவர்களே, மலர் தூவுவதை நீங்கள் நடத்துங்கள். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாங்கள் மூன்று பேரும் வெளியே வாசலில் நிற்போம். தண்ணீர் ஏறிவிட்டது, மூன்று நாள் தாமதம், அது என் தப்பு, உன் வீட்டுக்காரர் நேற்று என் கண் முன்னால் இரண்டு டம்ளர் குடித்தார் என்று முதலில் சொல்லப்போகிறேன். அதைக் கேட்டு அவள் மூச்சு விட்ட பிறகுதான் பேபி போய்விட்டாள் என்று சொல்வேன். பேபியாக இருந்தாலும் அந்த வரிசையில்தான் சொல்லியிருப்பாள்.